களா நோன்பும் சுன்னத்தான நோன்பும்: பாக்கியை அடைக்கப் பயனுள்ள குறிப்புகள்

பெருநாள் முடிந்து பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கணக்கில் சில நோன்புகள் பாக்கி நிற்கும். காய்ச்சலில் விட்டது, பயணத்தில் விட்டது, பிள்ளைப்பேற்றில் விட்டது, மாதவிடாயில் விட்டது. விட்டவற்றை வேறு நாட்களில் எண்ணி நிறைவு செய்யும்படி குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 184, 185 ஆம் வசனங்கள் சொல்கின்றன. இந்த நிறைவுதான் களா. அதை முடிப்பதற்குள் ஷவ்வால் ஆறு நோன்பு வரும், அரஃபா வரும், ஆஷூரா வரும். எதை முதலில் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரஜப் பிறந்துவிடும்.

இந்தப் பாக்கியில் பெரும்பங்கு பெண்களுடையது. ‘அது அவள் கணக்கு’ என்று வீட்டில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதுதான் பாக்கி ஆண்டுக்கணக்கில் சேர்வதற்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் சட்டத்தோடு சமையலறையையும் சேர்த்தே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். ஹனஃபி, ஷாஃபிஈ வழிகள் வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன். சிக்கலான கணக்கென்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

1. விட்ட அன்றே எழுதிவிடுங்கள். பெருநாள் முடியட்டும் என்று தள்ளினால் ஆறா ஏழா என்ற சந்தேகம் வந்துவிடும். சமையலறையில் தொங்கும் பிறைக் காலண்டரில் அந்தத் தேதியின் மூலையில் ஒரு சிறு புள்ளி போதும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ரமளான் முடிந்ததும் புள்ளிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் குறியுங்கள்: ஹைளு (மாதவிடாய்), காய்ச்சல், பயணம், பால்குடி. காரணத்தைப் பொறுத்துச் சில நோன்புகளுக்கு ஃபித்யா என்னும் உணவு ஈடும் சேரும் என்பதால் எண்ணிக்கை மட்டும் போதாது.

2. எந்த நாள் பாக்கியில் சேரும், எது சேராது என்பதில் பலருக்கும் தடுமாற்றம் உண்டு. மஃரிபுக்கு ஒரு நிமிடம் முன்பு மாதவிடாய் தொடங்கினாலும் அன்றைய நோன்பு போய்விட்டது, களாவில் சேருங்கள். சுப்ஹு நேரத்துக்கு முன்பே இரத்தம் நின்று, குளிப்பு மட்டும் பாக்கி என்றால் நிய்யத் வைத்து நோன்பைத் தொடரலாம்; குளிப்பைத் தொழுகைக்கு முன் முடித்துக்கொள்ளலாம். உதிரப்போக்கு வழக்கத்தை மீறி நீளும்போது மத்ஹபைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஹனஃபி வழியில் ஹைளின் உச்ச வரம்பு 10 நாள், ஷாஃபிஈ வழியில் 15 நாள். அதற்கு மேல் போவது நோய் உதிரம். அந்த நாட்களில் நோன்பு பிடிக்கத்தான் வேண்டும். தாயும் மகளும் ஒரே மத்ஹபில் இருந்து, மருமகள் வேறு மத்ஹப் வீட்டிலிருந்து வந்திருந்தால் மாமியார் தன் கணக்கை அவள் மேல் திணிக்க வேண்டாம்.

3. விட்ட தொழுகைக்குக் களா இல்லையே, நோன்புக்கு மட்டும் ஏன் என்று சின்னப் பெண்கள் கேட்பார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடமே ஒரு பெண் இதைக் கேட்டிருக்கிறார். மாதவிடாய்க் கால நோன்பைத் திரும்ப நோற்கும்படி ஏவப்பட்டோம், தொழுகையைத் திரும்பத் தொழும்படி ஏவப்படவில்லை என்பதே அவர்களின் பதில். இதைப் பெண் பிள்ளைக்கு வயது வந்த முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டதால் இருபத்தைந்து வயதில், திருமணத்துக்குப் பிறகு, பத்தாண்டுப் பாக்கியைத் தெரிந்துகொள்ளும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

4. பழைய பாக்கி எத்தனை என்றே தெரியாவிட்டால் மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்த ஆண்டு முதல் இன்று வரை எத்தனை ரமளான் என்று எண்ணி, உங்கள் மாத வழக்க நாட்களால் பெருக்குங்கள். ரமளான் முழுதும் கர்ப்பமாக இருந்த ஆண்டுகளையும், ஏற்கெனவே பிடித்து முடித்தவற்றையும் கழியுங்கள். கர்ப்பத்தின்போதும் பிரசவத்தின்போதும் விட்டவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். ஐந்தா ஏழா என்று சந்தேகம் இருந்தால் ஏழு. இந்த எண்ணுக்குக் குறையாது என்று மனம் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள்.

5. களாவா, சுன்னத்தா, எது முதலில்? களாவை முதலில் பிடியுங்கள் என்பதுதான் எல்லா மத்ஹபுக்கும் பாதுகாப்பான வழி. ஆனால் முதலில் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஹனஃபி வழியில் களாவுக்கு விரிந்த கால அவகாசம் உண்டு. பாக்கி இருக்கும்போது சுன்னத்தான நோன்பு பிடிப்பதில் குறையில்லை. ஷாஃபிஈ வழியில், தக்க காரணத்தால் விட்ட நோன்பு பாக்கியிருக்க நஃபில், அதாவது கடமையல்லாத நோன்பு, பிடிப்பது செல்லும், ஆனால் விரும்பத்தக்கதல்ல. காரணமே இல்லாமல் விட்ட நோன்பு என்றால் அதை உடனே அடைக்க வேண்டும், அதற்கு முன் நஃபில் பிடிக்கவே கூடாது. மாலிகி வழியும் களாவை முந்திக்கொண்டு நஃபில் பிடிப்பதை வெறுக்கிறது. ஹன்பலி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி களா இருக்கும்போது பிடிக்கும் நஃபில் செல்லாது.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம். மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்து ராவுத்தர்களும் ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து உர்தூ பேசுவோரும் ஹனஃபிகள். அடுத்த வீட்டுப் பெண் ஆறு நோன்பை முதலில் பிடிக்கிறாள் என்பதற்காக அவளைக் குறை சொல்லிவிடாதீர்கள். அவள் மத்ஹபில் அதற்கு இடம் இருக்கும்.

6. ஷவ்வால் மாதக் கணக்கைப் பெருநாள் மறுநாளே போட்டுவிடுங்கள். ரமளான் நோன்பை நோற்று, அதைத் தொடர்ந்து ஷவ்வாலில் ஆறு நோன்பும் நோற்றவர் ஆண்டு முழுதும் நோற்றவரைப் போன்றவர் என்று அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) வழியாக முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. ரமளான் முழுமையான பிறகுதான் இந்த ஆறு என்று பொருள் கொள்வோர் களாவை முதலில் முடிக்கச் சொல்கிறார்கள். அது முடியாத காரியமும் இல்லை. ஷவ்வால் 29 நாள் என்றே வைத்துக்கொள்வோம். பெருநாள் கழிய 28. மாதவிடாய் 7 நாள் போனால் 21. களா 7, ஆறு நோன்பு 6, ஆக 13. விருந்துக்கும் ஓய்வுக்கும் இன்னும் 8 நாள் கையில் இருக்கிறது. ஆறு நோன்பைப் பெருநாளுக்கு மறுநாளே தொடர்ச்சியாகப் பிடிப்பது சிறப்பு என்பார்கள். விட்டு விட்டுப் பிடித்தாலும் கூடும்.

பிள்ளை பெற்று ரமளான் முழுதும் விட்டவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்படிப்பட்டவர் ஷவ்வாலைக் களாவிலேயே கழித்தால், ஆறு நோன்பைத் துல்கஃதாவில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஷாஃபிஈ நூல்கள் வழி காட்டுகின்றன. பச்சிளங்குழந்தையோடு இருப்பவர் இதற்காகத் தவிக்கத் தேவையே இல்லை. அவருக்கு ஷஅபான் வரை அவகாசம் இருக்கிறது.

7. ஒரே நோன்பில் இரண்டு நிய்யத் செல்லுமா என்பது அடுத்த கேள்வி. நிய்யத்தைக் களாவுக்கே வையுங்கள். பிடிக்கும் நாளைச் சிறப்பான நாளாகத் தேர்ந்தெடுங்கள். ஹிஜ்ரி 1004இல் மறைந்த எகிப்திய ஷாஃபிஈ அறிஞர் ஷம்சுத்தீன் ரம்லி, அரஃபா, ஆஷூரா போன்ற நாட்களில் களா பிடித்தவருக்கு அந்த நாளின் நன்மையும் கிடைக்கும் என்று கருதினார். ஆனால் தனியாகப் பிடிப்பவருக்குரிய முழுச் சிறப்பு அதில் இல்லை. ஹனஃபி வழியில் இரண்டையும் சேர்த்து நிய்யத் வைத்தால் அது களா நோன்பாகவே கணக்காகும் என்பது அபூ யூஸுஃப் அவர்களின் கருத்து. நிய்யத்தைக் களாவுக்கே வைத்தால் எந்த வழியில் பார்த்தாலும் களா அடைந்துவிடுகிறது. அரஃபா, ஆஷூரா, திங்கள், வியாழன் ஆகிய நாட்களை இப்படிப் பயன்படுத்துங்கள். ஷவ்வால் ஆறை மட்டும் முடிந்தவரை தனியாகவே பிடியுங்கள்.

8. களாவுக்கு இரவிலேயே நிய்யத் வேண்டும். இது பலர் தவறவிடும் இடம். சுன்னத்தான நோன்பில் சுப்ஹுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் இருந்தால் நடுப்பகலுக்கு முன் நிய்யத் வைத்துக்கொள்ளலாம். களாவில் அந்தச் சலுகை இல்லை. காலை எட்டு மணிக்கு, ‘இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லையே, இன்றைக்கு ஒரு களாவைப் பிடித்துவிடலாம்’ என்று நினைத்தால் அது நஃபிலாகத்தான் ஆகும். நாளை பிடிக்கலாம் என்று தோன்றினால் இஷா தொழுதுவிட்டு எழும்போதே ‘ரமளானின் களா’ என்று மனதில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஸஹருக்கு எழ முடியாமல் தூங்கிவிட்டாலும் நோன்பு கூடும்.

9. நாட்களை முன்பே நிலைப்படுத்துங்கள். களாவைத் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏழு பாக்கி இருப்பவர் திங்கள்தோறும் பிடித்தால் ஏழு திங்களில் முடியும். ஐந்து ஆண்டுப் பாக்கி 35 என்று வையுங்கள். திங்களும் வியாழனும் பிடித்தால் 18 வாரம், மாதவிடாய் வாரங்களையும் கூட்டினால் ஏறக்குறைய ஆறு மாதம். மலைப்பாகத் தெரிந்த பாக்கி ஆறு மாதத்தில் தீர்கிறது. பிறை 13, 14, 15 நோன்பு வழக்கமுள்ள வீடென்றால் அந்த மூன்றையும் களாவுக்குக் கொடுங்கள். பிறை நாள் மஃரிபில் தொடங்குகிறது என்பதால் திங்கள் நோன்புக்கு ஞாயிறு மாலையே ‘நாளை நோன்பு’ என்ற ஏற்பாடு வீட்டில் நடக்க வேண்டும்.

10. பிடிக்கக் கூடாத நாட்கள்: இரு பெருநாட்கள், துல்ஹஜ் 11, 12, 13. வெள்ளிக்கிழமையை மட்டும் தனித்து நஃபில் பிடிப்பது வெறுக்கத்தக்கது. களாவுக்கு அந்தத் தடை இல்லை. வாரத்தில் வெள்ளி மட்டுமே கல்லூரி விடுமுறை கிடைக்கும் பிள்ளைகளுக்கு இது உதவும். ஷஅபான் பாதிக்குப் பின் வழக்கமில்லாமல் நஃபில் தொடங்குவதை ஷாஃபிஈ வழி தடுக்கிறது. களா அப்போதும் பிடிக்கலாம்.

11. மார்கழி, தை மாதங்களை வீணாக்காதீர்கள். தமிழ்நாட்டில் டிசம்பர் நோன்பு ஜூன் நோன்பைவிட ஒன்றரை மணி நேரம் வரை குறைவு. வெயிலும் இல்லை, நாக்கு வறள்வதும் இல்லை. ரமளான் கோடையில் வந்தபோது விட்ட நோன்பைக் குளிர்காலத்தில் பிடித்தாலும் கணக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் புதிதாக நோன்பு தொடங்கும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு மாதமும் பெரிய நிஃமத்.

12. ஸஹருக்கு உங்களை யாரும் எழுப்பப்போவதில்லை. ரமளானில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எழுப்பும். சில ஊர்களில் பக்கீர்மார் தப்ஸ் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். மற்ற மாதங்களில் அலாரம்தான் துணை. இன்னொன்று முக்கியம்: ரமளான் அல்லாத நாட்களில் பல பள்ளிகளில் சுப்ஹு நேரம் தொடங்கிச் சற்றுக் கழித்தே பாங்கு சொல்வார்கள். பாங்கு வரும்வரை சாப்பிடலாம் என்று இருந்துவிட்டால் நோன்பே கூடாமல் போகலாம். பாங்கை நம்பாமல், உங்கள் ஊருக்கான தொழுகை நேர அட்டவணையில் சுப்ஹு தொடங்கும் நேரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் முன்பே கை கழுவுங்கள்.

ஒருவருக்காக அடுப்பு மூட்டச் சலிப்பாக இருக்கும். இரவே பழையதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் வேலை முடிந்தது, தாகமும் எடுக்காது. இரவில் சுட்ட சப்பாத்தியும் அவித்த முட்டையும் இன்னொரு வழி. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஸஹரில் வேண்டாம். தேநீருக்குப் பழகியவர்கள் முந்தின இரண்டு நாள் அளவைக் குறைத்துக்கொண்டால் பத்து மணித் தலைவலி வராது.

13. கஞ்சியை ரமளானோடு நிறுத்திவிடாதீர்கள். ரமளானில் பள்ளிவாசல் அண்டாவில் கஞ்சி காயும். அதற்காக அரசு பச்சரிசியும் தருகிறது. மற்ற மாதங்களில் களா பிடிக்கும் பெண் ஒரு பேரீச்சம்பழமும் ஆறிப்போன தேநீருமாக நோன்பு திறப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். இரண்டு மூன்று பேருக்கு அளவு இது: அரை டம்ளர் பச்சரிசி நொய், இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம். நொய்யையும் பருப்பையும் லேசாக வறுத்து, வெந்தயத்தோடு சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி டப்பாவில் போட்டு வையுங்கள். பாக்கி ஏழென்றால் ஏழு பொட்டலம். டப்பா காலியாகும் அழகே தனி.

அஸருக்குப் பிறகு குக்கரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி, கீறிய பச்சைமிளகாய், புதினா, மல்லி வதக்குங்கள். பொட்டலத்தைக் களைந்து கொட்டி, மஞ்சள்தூள், உப்பு, நான்கரை டம்ளர் தண்ணீர் சேர்த்து நாலு விசில். ஆவி அடங்கியதும் மத்தால் ஒரு தட்டு தட்டி, அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கிவிடுங்கள். பால் ஊற்றிய பின் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். நோன்பில்லாதவர்களும் குடிக்கட்டும், ஆளுக்கொரு கோப்பை என்று உட்கார்ந்தால் அவள் மட்டும் தனியாகத் திறக்க வேண்டியதில்லை.

14. வீட்டு ஆண்களுக்கு இரண்டு சொல். உங்களுக்குப் பாக்கி இல்லையென்றால், மனைவியோ மகளோ களா பிடிக்கும் திங்கட்கிழமையில் நீங்கள் சுன்னத்தாகப் பிடியுங்கள். ஸஹருக்கு இரண்டு பேர் எழும்போது அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது குறையும். அன்றைக்கு விருந்தாளியை அழைக்காதீர்கள். பகல் சமையலை முடிந்தவரை குறையுங்கள். கணவன் ஊரில் இருக்கும்போது அவன் சம்மதமின்றி மனைவி நஃபில் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று ஹதீஸ் இருப்பதை ஆண்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவளுடைய கடமையான பாக்கியைத் தீர்க்க நாள் ஒதுக்கித் தருவதையும் அதே அளவுக்கு நினைவில் வைக்க வேண்டும். ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ரமளான் பாக்கியை ஷஅபானில்தான் நிறைவேற்ற முடிந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்களுக்கான பணிவிடையே காரணம் என்று அந்த அறிவிப்பிலேயே விளக்கம் வருகிறது. வீட்டு வேலை பெண்ணின் களாவைத் தள்ளிப்போடும் என்பதற்கு இதைவிட ஆதாரம் தேட வேண்டாம்.

பெண் பிள்ளையிடம், ‘ரமளானில் ஏன் விட்டாய்?’ என்று அத்தாவோ வாப்பாவோ எல்லார் முன்னும் கேட்காதீர்கள். தம்பி கேட்டால், ‘அக்காவுக்கு ஒரு நோன்பு பாக்கி இருக்கிறது’ என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம்.

15. மறந்து சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம். ஊரே நோன்பில்லாத நாளில் பிள்ளைக்கு ஊட்டும்போது ஒரு வாய் உள்ளே போய்விடும். மறதியாகச் சாப்பிட்டது ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு வழியிலும் களா நோன்பை முறிக்காது. நினைவு வந்ததும் துப்பிவிட்டுத் தொடருங்கள். ஆனால் வேண்டுமென்றே களாவைப் பாதியில் விடக் கூடாது. தொடங்கிவிட்டால் அது கடமை நோன்பு. மாமி வீட்டில் வற்புறுத்தினார்கள் என்பது காரணமாகாது. நஃபில் நோன்பில் வழி வேறு: ஷாஃபிஈயில் விருப்பம்போல் விடலாம், ஹனஃபியில் விட்டால் பிறகு ஒன்று பிடித்து ஈடு செய்ய வேண்டும்.

16. சர்க்கரை நோயாளிகள் களா தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் திறந்துவிடுங்கள். வேறொரு நாள் பிடித்துக்கொள்ளலாம். இனி குணமாகும் வாய்ப்பே இல்லாத நோயாளிக்கும் தள்ளாத முதியவருக்கும் களா இல்லை, ஃபித்யா உண்டு. ஷாஃபிஈ வழியில் நோன்புக்கு ஒரு முத்து அளவு அரிசி, ஏறத்தாழ 600 முதல் 750 கிராம். ஹனஃபி வழியில் ஒரு ஃபித்ரா அளவு. பள்ளியில் ஃபித்ரா தொகை அறிவிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

17. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் விட்ட நோன்புக்கு ஹனஃபி வழியில் களா மட்டும் போதும். ஷாஃபிஈ வழியில் தன் உடல்நலத்துக்கு அஞ்சி விட்டால் களா மட்டும். குழந்தையின் நலனுக்காக மட்டுமே விட்டிருந்தால் களாவோடு ஃபித்யாவும். முதல் குறிப்பில் காரணத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கு மூன்று நான்கு ரமளான் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கடைக்குட்டி பால் மறந்த பிறகு நிதானமாகத் தொடங்கலாம். உடம்பு தேறாமல் தொடங்கி மறுபடி படுத்துவிட வேண்டாம்.

18. அடுத்த ரமளானைத் தாண்டிவிட்டால் களா ரத்தாகாது. காரணமின்றித் தாண்டவிட்டவர் ஷாஃபிஈ வழியில் நோன்புக்கு ஒரு முத்து வீதம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். இன்னொரு ஆண்டு தாண்டினால் இன்னொரு முத்து. ஹனஃபி வழியில் ஃபித்யா இல்லை, களா மட்டும். ரஜப் முதல் வாரத்தில் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஷஅபான் கடைசி வாரத்தை நம்பினால் அந்த வாரமே மாதவிடாயும் வந்து நிற்கும்.

19. பெற்றோருக்கு எத்தனை நோன்பு பாக்கி என்று பிள்ளைகள் முன்பே கேட்டு வைத்திருப்பது நல்லது. நோன்பு பாக்கியோடு இறந்தவருக்காக அவருடைய பொறுப்பாளர் நோற்கலாம் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் ஆயிஷா (ரலி) வழியாக ஹதீஸ் இருக்கிறது. ஷாஃபிஈ அறிஞர் நவவி, உறவினர் நோன்பு பிடிப்பதையும் ஏற்றிருக்கிறார், உணவளிப்பதும் கூடும். ஹனஃபி வழியில் பிடிக்க முடியாது, ஃபித்யாதான். அவர் வஸிய்யத் செய்திருந்தால் சொத்தில் மூன்றில் ஒன்றுக்குள் கொடுப்பது வாரிசுகளின் கடமை. வயதான உம்மா தன் பாக்கியை ஒரு தாளில் எழுதி, குர்ஆன் வைக்கும் பெட்டியில் போட்டு, மூத்த மகளிடம் சொல்லி வைத்தால் போதும். சொத்தைப் பிரிக்க உட்காரும் முன் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.